இன்று பள்ளிக்கூடம் இல்லை



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்து அண்ணை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டவன் நான். இங்கே பக்ரறியில் நின்று வேலை செய்கிறவன். சரித்திரம் எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் சங்கத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் சில காலமாக ஒரு விசயம் என் மனதில் கிடந்து உழன்றுகொண்டிருக்கிறது. அதையே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி. செவ்வாய்க்கிழமை. நான் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வர, மனைவி விடியக்காலை வேலைக்குப் போய்விட்டா. வெளியில் பனியும் ஐஸ் மழையுமாகக் கொட்டுகிறது. மூத்தவளை எழுப்பி, பால் கொடுத்து, ஜாக்கெற், பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். பத்து நிமிட நடைக்கு அன்று அரை மணித்தியாலம் எடுத்தது. போய்ப் பார்த்தால் கதவு பூட்டு. ஒரு குருவியும் இல்லை. எதிர்வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, றேடியோ கேட்கவில்லையா என்றார். மகள் அந்த இடத்திலேயே துள்ளிக் குதித்தாள். எனக்கோ நித்திரையும் கோபமும். இந்தப் பனிக்கெல்லாமா பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது, கனடாக்காரருக்குப் பனி புதுசோ என்று புறுபுறுத்துக்கொண்டே திரும்பினேன்.

இப்படிப் புறுபுறுப்பது நான் மட்டுமல்ல. எங்கட சனத்தில் கனபேர் சொல்லுவினம்: "நாங்கள் வெள்ளத்துக்குள்ளால நடந்து போய்ப் படிச்சனாங்கள். இவங்கள் ஒரு சொட்டுப் பனிக்கு லீவு விடுறாங்கள்." அன்றிரவு வேலைத்தலத்தில் இதையே சொல்லிக் குறைப்பட்டபோது, என்னோடு நிற்கும் வயதான தொழிலாளி ஒருவர் பதில் சொன்னார். அவர் சஸ்கச்சுவான் மாகாணத்துக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தன் பாட்டனார் வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டிலுக்குக் கயிறு கட்டி வைத்திருந்தாராம். எதற்கென்று கேட்டேன். பனிப்புயல் அடித்தால் சொந்த வளவுக்குள்ளேயே மனிசன் வழிதவறிச் செத்துப்போவான், கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகவேணும் என்றார். "1888 என்று தேடி வாசி" என்றும் சொன்னார். நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியும் கையுமாக வாசித்தேன். வாசித்த பிறகு நான் புறுபுறுப்பதில்லை.

1888 ஜனவரி 12

அமெரிக்காவின் நடுப்பகுதியில் நெப்ராஸ்கா, டக்கோட்டா, மினசோட்டா என்று மரமே இல்லாத பெரிய புல்வெளிப் பிரதேசங்கள் இருக்கின்றன. கனடாவின் மனிரோபா, சஸ்கச்சுவான் சமவெளியின் தெற்குத் தொடர்ச்சி அது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறி உழுகிறவனுக்கு 160 ஏக்கர் காணி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அதை நம்பி நோர்வே, ஜேர்மனி, சுவீடன் என்று பல நாட்டுச் சனங்கள் கப்பலேறி வந்து, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டியால் வீடு கட்டி இருந்தார்கள்.

அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றி எங்கட ஆட்கள் கட்டாயம் அறியவேண்டும். மென்னனைற் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். ஆயுதம் தூக்குவது பாவம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ரஷ்யப் பேரரசின் கீழ், இன்றைய உக்ரேன் பகுதியில், இராணுவ சேவையிலிருந்து விலக்குப் பெற்று வாழ்ந்து வந்தார்கள். அந்த விலக்கைச் சார் மன்னரின் அரசு பறிக்கப் போகிறது என்று தெரிந்ததும், தங்கள் பெடியளைப் பட்டாளத்துக்குக் கொடுக்க மனமில்லாமல், 1874ஆம் ஆண்டு காணி பூமியை விட்டுக் குடும்பம் குடும்பமாக டக்கோட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்ற நாடு விட்டு நாடு வந்தவர்கள் என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த ஜனவரியின் தொடக்கத்தில் கடும் குளிர். பிள்ளைகள் பல நாட்களாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். 12ஆம் திகதி வியாழக்கிழமை காலை வானம் வெளித்து, காற்று இதமாகி, கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. சனத்துக்குச் சந்தோசம். ஆண்கள் மாடுகளை அவிழ்த்து வெளியே விட்டார்கள். பிள்ளைகள் கனத்த மேலங்கிகளை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். எல்லாம் ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள். ஒரு அடுப்பு, ஒரு ஆசிரியை. ஆசிரியைகளில் பலர் இருபது வயதுகூட நிரம்பாத பெண்பிள்ளைகள். பிள்ளைகள் ஒரு மைல், இரண்டு மைல் புல்வெளிக்குள்ளால் நடந்து வருவார்கள்.

புயல் வடமேற்கிலிருந்து வந்தது. கிழக்கு டக்கோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் அது வந்து விழுந்த நேரம்தான் கொடுமை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கறுத்த சுவர் ஒன்று உருண்டு வருவதுபோல் இருந்தது என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் முற்றத்தில் பூப்போல விழும் பனி அல்ல அது. மாவைப் போல நுண்ணிய பனித்தூள். கண்ணை அடைத்தது, மூக்கை அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. சில மணி நேரத்துக்குள் வெப்பநிலை பாதாளத்துக்கு விழுந்து, இரவில் பல இடங்களில் மைனஸ் 30 பாகையை நெருங்கியது.

அந்த நேரத்தில் ஒவ்வொரு ஒற்றை அறையிலும் ஒரு இளம்பெண் தனியே நின்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா, உள்ளே வைத்திருப்பதா? கேட்பதற்குத் தலைமை ஆசிரியர் இல்லை. ரெலிபோன் இல்லை. அடுப்புக்கு விறகும் நிலக்கரியும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதும் தெரியாது.

நெப்ராஸ்காவில் மிரா பள்ளத்தாக்கு என்ற இடத்தில் மின்னி பிரீமன் என்ற 19 வயது ஆசிரியை. காற்று அவருடைய மண்வீட்டுப் பள்ளிக்கூடத்தின் கூரையையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே இருந்தால் சாவு நிச்சயம் என்று கண்டு, பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திக்கொண்டு போய் ஒரு பண்ணைவீட்டில் சேர்த்தார். ஒரு பிள்ளையும் சாகவில்லை. பிள்ளைகளைக் கயிற்றால் பிணைத்துக் கூட்டிக்கொண்டு போனார் என்று பிற்காலத்தில் கதை பரவியது. கயிறு உண்மையோ இல்லையோ என்று இன்றும் தர்க்கம் உண்டு. பிள்ளைகள் தப்பியது உண்மை. நெப்ராஸ்கா மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் சுவரில் 1967ஆம் ஆண்டு பதித்த ஒரு பெரிய சித்திரத்தில் இந்தச் சம்பவத்தை இப்போதும் பார்க்கலாம்.

அதே நெப்ராஸ்காவில் பிளெயின்வியூ என்ற ஊருக்கு அருகே லோயிஸ் றோய்ஸ் என்ற ஆசிரியையிடம் மூன்று சின்னப் பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள். பின்னேரம் அடுப்புக்குப் போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவர் தங்கியிருந்த வீடு நூறு யாருக்கும் குறைவான தூரத்தில்தான் இருந்தது. எங்கட ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போகிற தூரம். பிள்ளைகளோடு புறப்பட்டார். வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரவு முழுவதும் வெட்டவெளியில் பிள்ளைகளை அணைத்தபடி கிடந்தார். மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக அவர் கையிலேயே இறந்துபோனார்கள். விடிந்ததும் அவர் தவழ்ந்து போய் ஒரு வீட்டை அடைந்தார். உறைந்துபோன அவருடைய பாதங்களை வெட்டியெடுக்க வேண்டி வந்தது.

மின்னி பிரீமனும் வெளியே கூட்டிக்கொண்டு போனவர்தான். லோயிஸ் றோய்சும் வெளியே கூட்டிக்கொண்டு போனவர்தான். ஒருவருக்குச் சிலை மாதிரிப் புகழ், மற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் தீராத துயரம். கெட்டித்தனத்தில் இருவருக்கும் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த மென்னனைற் குடியிருப்பில் ஐந்து பெடியள் பள்ளிக்கூடத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகப் புறப்பட்டு வழிதவறிப் போனார்கள். அவர்களில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தம்பிமார். சில நாட்களுக்குப் பிறகுதான் ஐந்து பேரையும் ஒன்றாக உறைந்த நிலையில் கண்டெடுத்தார்கள். பட்டாளத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்று கடல் தாண்டிக் கொண்டுவந்த சந்ததி. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நித்திரையாய்க் கிடந்த என் பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இறந்தவர்கள் மொத்தம் 235 பேரளவில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் பலர் இறந்தபடியால் பள்ளிக்கூடப் பனிப்புயல் என்றும், சிறுவர் பனிப்புயல் என்றும் அதற்குப் பெயர்.

கொடி ஏறியது, ஆர் கண்டது?

வானிலை அறிக்கை அந்தக் காலத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவுதான் அப்போது வானிலையைக் கவனித்தது. தந்தி மூலம் ஊர்களிலிருந்து வெப்பநிலையும் காற்றழுத்தமும் வந்து சேரும். சென் போல் நகரத்தில் இருந்த அதிகாரி அதைப் பார்த்து, குளிர் அலை வருகிறது என்று எச்சரிக்கை அனுப்புவார். எச்சரிக்கை கிடைத்த ஊர்களில் நடுவில் கறுத்தச் சதுரம் போட்ட வெள்ளைக் கொடி ஒன்றை ஏற்றுவார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை பிந்திப் போனது. போன இடத்திலும் கொடி பறந்தது தந்தியும் புகையிரதமும் உள்ள பட்டினத்தில்தான். பத்து மைல் தள்ளிப் புல்வெளிக்குள் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கொடி தெரியுமா?

பனிநாள் என்ற இந்த ஏற்பாட்டின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புயல் வந்த பிறகு முடிவெடுக்கக் கூடாது, வருமுன் எடுக்கவேண்டும். தனி ஒரு ரீச்சரின் தலையில் அந்தப் பாரத்தைச் சுமத்தக் கூடாது. எடுத்த முடிவு கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரவேண்டும். இந்த மூன்றையும் நடைமுறைக்குக் கொண்டுவர நெடுங்காலம் பிடித்தது.

பஸ் வந்தது, புது ஆபத்தும் வந்தது

சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களை மூடி ஒரு பெரிய பள்ளிக்கூடமாக்கி, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற யோசனை கனடாவில் 1903ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. நோவா ஸ்கோஷியாவில் மிடில்ரன் என்ற ஊரில், புகையிலை வர்த்தகர் வில்லியம் மக்டொனால்ட் கொடுத்த பணத்தில் அப்படியான பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. குதிரை வண்டியில் பிள்ளைகள் வந்தார்கள். மேற்குச் சமவெளியில் மாரிகாலத்தில் கூரை போட்ட சறுக்கு வண்டிக்குள் சின்ன அடுப்பு வைத்துக்கூட ஓடினார்கள். பிறகு மோட்டார் பஸ் வந்தது. பஸ் வந்தால் பிள்ளை பனியில் நடக்கத் தேவையில்லை. ஆனால் பஸ்சே பனிக்குள் மாட்டினால்?

1931 மார்ச் 26. கொலராடோ மாநிலத்தில் ரவுனர் என்ற ஊருக்கு அருகே ஒரு பள்ளிக்கூடம். காலையில் பிள்ளைகள் வந்து சேர, புயல் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று ஆசிரியர்கள் முடிவெடுத்தார்கள். 20 பிள்ளைகளோடு புறப்பட்ட பஸ் வழிதவறி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. மறுநாள் பின்னேரம் வரை ஒருவரும் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. உதவி தேடி நடந்த சாரதி கார்ல் மில்லர் வெளியில் உறைந்து இறந்தார். பிள்ளைகளில் ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒன்று அந்தச் சாரதியின் சொந்த மகள். பிரயன் அன்ரீற் என்ற 13 வயதுப் பெடியன் தன் உடுப்பைக் கழற்றிச் சின்னவர்களுக்குப் போட்டு, உறங்கவிடாமல் ஆடவைத்துக் காப்பாற்றினான் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனாதிபதி ஹூவர் அவனை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தார். ஆனால் இறந்த பிள்ளைகளில் ஒருவன் அவனுடைய சொந்தத் தம்பி. விருந்தில் அவனுக்கு என்ன சாப்பாடு இறங்கியிருக்கும்?

இன்று எங்கட பிள்ளைகள் ஏறும் மஞ்சள் பஸ் கூட அந்தப் பத்தாண்டில் வந்ததுதான். 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கில் பிராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில், மங்கலான வெளிச்சத்திலும் தூரத்திலிருந்து தெரியக்கூடிய நிறம் என்று அந்த மஞ்சளைத் தெரிவு செய்தார்கள். ஒன்ராறியோவில் 1960களில் கிராமத்து ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள் வேகமாக மூடப்பட்டு, 1969இல் பெரிய மாவட்டக் கல்விச் சபைகள் உருவாகின. அதோடு கிராமப்புறப் பிள்ளைகள் பெரும்பாலும் பஸ்சை நம்பியே படிக்கிற நிலை வந்தது. வீதியில் பஸ் ஓடமுடியுமா என்பதே பள்ளிக்கூடம் நடக்குமா என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கியது. விடியக்காலை இருட்டில் சாரதிமாரும் பஸ் கம்பனிக்காரரும் வீதியைப் பார்த்து, வானிலை அறிக்கையோடு ஒப்பிட்டு, ஆறு மணியளவில் முடிவைச் சொல்ல, உள்ளூர் றேடியோ பள்ளிக்கூடங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், தங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் வருமா என்று றேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருந்த கதையைச் சொல்லுவினம்.

பனியின் அளவு அல்ல, காற்று

எவ்வளவு பனி விழுந்தால் பூட்டுவார்கள் என்று எங்கட சனம் கேட்பது வழக்கம். அதற்கு ஒரு கணக்கு இல்லை. 1977 ஜனவரி 28ஆம் திகதி பவலோ நகரத்தையும் இங்கே நயாகராப் பக்கத்தையும் அடித்த புயலைப் பாருங்கள். புயல் நாட்களில் பவலோவில் புதிதாக விழுந்த பனி ஓர் அடியளவுதான். ஆனால் ஈரி ஏரி டிசம்பரிலேயே உறைந்து, அதன்மேல் வாரக்கணக்காகப் பனி குவிந்து கிடந்தது. காற்று அதை அப்படியே வாரி நகரத்தின் மேல் கொட்டியது. நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 29 பேர் இறந்தார்கள். நயாகராப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போகமுடியாமல் பள்ளிக்கூடத்திலேயே இரவைக் கழித்தார்கள். ஆனால் அனுப்பாமல் உள்ளே வைத்திருந்தார்கள். 1888இன் பாடம் அங்கே பயன்பட்டிருக்கிறது.

குளிரில் காற்றின் பங்கை அளந்தவர் போல் சைப்பிள் என்பவர். சாரணர் பெடியனாக 1928இல் அந்தாட்டிக்காவுக்குப் போனவர், படித்து ஆராய்ச்சியாளராகி மறுபடியும் போனார். அங்கே சார்ள்ஸ் பசல் என்பவரோடு சேர்ந்து, பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீரை ஊற்றிக் கூரைமேல் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கணக்கெடுத்தார். 1945இல் அது வெளியானது. காற்றோடு சேர்ந்த குளிரை வின்ட் சில் என்று இன்று ரெலிவிஷனில் சொல்வது அதன் வழி வந்ததுதான். ஆனால் தண்ணீர்க் குழாய் வேறு, மனித முகம் வேறு. ஆகவே 2001ஆம் ஆண்டு அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். திருத்தியது எங்கே தெரியுமா? எங்கட ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில் உள்ள இராணுவ ஆராய்ச்சி நிலையத்தில். ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு தொண்டர்கள் முகத்தில் கருவி ஒட்டிக்கொண்டு குளிர்க்காற்றுக்கு எதிராக நடந்து காட்டினார்கள். அந்தக் கணக்குப்படி மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம் போதும். சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர் உடம்பை விடக் கெதியாகச் சூட்டை இழக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாமல் உள்ளே வைத்திருப்பது இதனால்தான்.

அதேநேரம் குளிர் மட்டும் காரணமென்றால் வடதுருவப் பக்கத்தில் பள்ளிக்கூடமே நடக்காது. சைபீரியாவில் யாக்கூற்ஸ்க் நகரத்தில் மைனஸ் 45 பாகையளவில்தான் முதலில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை மறிக்கிறார்கள். இன்னும் விழுந்தால்தான் பெரிய வகுப்புகள். மறுபக்கம் அமெரிக்காவின் தெற்கே அற்லாந்தாவில் 2014 ஜனவரி 28ஆம் திகதி விழுந்தது மூன்று அங்குலமும் இல்லாத பனி. ஆனால் மத்தியானம் பள்ளிக்கூடம், கந்தோர், கடை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டார்கள். பனி தள்ளும் வண்டியோ உப்போ போதியளவு இல்லை. வீதியெல்லாம் ஐஸ். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளிக்கூடத்திலும் சிலர் பஸ்சிலும் கிடந்தார்கள். ஆயத்தமாக இருக்கிற ஊருக்கு மைனஸ் 40 ஒன்றுமில்லை. ஆயத்தமில்லாத ஊருக்கு மூன்று அங்குலம் பேரழிவு.

எங்கட பக்கம்

ரொறன்ரோ நகரத்தின் பெரிய புயல் 1944 டிசம்பர் 11இல் வந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. பனி. மொத்தம் 21 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் பனி அள்ளி மாரடைத்து இறந்தவர்கள். யுத்த காலம் அது. ஆயுதம் செய்யும் தொழிற்சாலைகள்கூடத் தற்காலிகமாகப் பூட்டவேண்டி வந்தது.

1998 ஜனவரியில் மொன்றியலிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் இருந்த எங்கட சனம் ஐஸ் புயலை மறந்திருக்கமாட்டினம். ஒரு கிழமையளவில் சில இடங்களில் 100 மி.மீ. வரை உறைமழை பெய்து, கம்பியும் கோபுரமும் பாரத்தில் சரிந்து, நாற்பது இலட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். 15,000க்கு மேற்பட்ட இராணுவத்தினர் உதவிக்கு வந்தார்கள். பூட்டிய பள்ளிக்கூடங்கள் பல, கட்டில் போட்டுச் சனம் தங்கும் இடங்களாகின. வருத்தமான ஒரு ஒற்றுமை. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்த அனுபவம் எங்கட ஆட்களுக்குப் புதிதல்ல.

அடுத்த வருடம், 1999 ஜனவரியில், ரொறன்ரோவில் இரண்டு கிழமைக்குள் 118 செ.மீ. பனி. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை அழைத்தார். மற்ற மாகாணத்தார் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வருடம் ரொறன்ரோ கல்விச் சபை பள்ளிக்கூடங்களைப் பூட்டியது. அதற்குப் பிறகு 12 வருடம் பூட்டவேயில்லை. 2011 பெப்ரவரி 2இல் பூட்டினார்கள். சொன்ன அளவுக்குப் பனி வரவில்லை என்று பெற்றோர் திட்டினார்கள். அடுத்தது நான் பூட்டிய கதவுக்கு முன் நின்ற அந்த 2019ஆம் ஆண்டு நாள். பிறகு 2022 ஜனவரி 17. கொவிட் காரணமாக வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் நேரில் திரும்பவேண்டிய நாளே பனியால் பூட்டுப்பட்டது. இருபத்திச்சொச்சம் வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள். ஒரு சொட்டுப் பனிக்கெல்லாம் பூட்டுகிறார்கள் என்ற எங்கட கதை உண்மையில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பஸ் ஓடாது என்பது வேறு, பள்ளிக்கூடம் பூட்டு என்பது வேறு. ஒன்ராறியோவில் பஸ் நிற்கும் பல நாட்களில் பள்ளிக்கூடம் திறந்தே இருக்கும். ஆனால் காலையில் நீங்கள் காரில் கொண்டுபோய் விட்டால் பின்னேரமும் நீங்கள்தான் போய் ஏற்றவேண்டும், பஸ் வராது.

எங்கட பிரச்சினை

பள்ளிக்கூடம் பூட்டும், பக்ரறி பூட்டாது. தொழிலாளிக் குடும்பத்துக்குப் பனிநாள் என்பது இதுதான். கந்தோர் வேலைக்காரர் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். எங்களுடைய மெசினை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அம்மம்மா அப்பம்மா இருக்கிற வீடு கொடுத்து வைத்தது. இல்லாத வீட்டில் ஒருவர் வேலையை விட்டு நிற்கவேண்டும். ஒரு நாள் சம்பளம் போனால் வாடகையில் துண்டு விழும். இதனால்தான் புறுபுறுக்கிறோம், பனியால் அல்ல.

இதற்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. இரண்டு விசயம் சொல்கிறேன். ஒன்று, ஒன்ராறியோச் சட்டப்படி பெரும்பாலான தொழிலாளருக்கு, வேலையில் சேர்ந்து இரண்டு கிழமை முடிந்தால், வருடத்தில் 3 நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. சம்பளம் இல்லை, ஆனால் அவசரத்துக்கு அதை எடுத்ததற்காக வேலையால் நிற்பாட்ட முடியாது. கன ஆட்களுக்கு இது தெரியாது. இரண்டாவது, ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று நாலு குடும்பம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். இன்றைக்கு நீங்கள் பாருங்கோ, அடுத்த முறை நாங்கள் பார்ப்போம் என்று. எங்கள் மாடியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நவம்பர் மாதமே ஆர் ஆருக்கு எந்த நேர வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஊரில் நான் படித்த காலத்திலும் பள்ளிக்கூடம் பூட்டியது. எதற்கென்று நான் எழுதத் தேவையில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆரும் வந்து சொன்னால் அம்மாவின் முகம் கறுக்கும், எங்களைக் கிட்டக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுவா. ஆகவே அன்று பூட்டிய கதவுக்கு முன்னால் என் மகள் துள்ளியபோது எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவளுக்கு அந்தச் சொல்லில் பயம் இல்லை. பயமில்லாமல் அவள் அதைக் கேட்பதற்கு, அவளுக்கு முன் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் புல்வெளியில் உறைந்து கிடந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி வீதியைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது அவள் பெரிய வகுப்பு. பனி கொட்டினால் விடிய எழும்பித் தானே செய்தி பார்த்து எனக்குச் சொல்கிறாள். நான் அந்தத் தாளைப் பார்த்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.

சித்திரை பிறந்துவிட்டது. இந்த வருடப் பனி அநேகமாக முடிந்தது என்று நம்புவோம்.